ஈராக் போர் வழியாக ஓர் அரசியல் பாலபாடம்: ஜனநாயகம், ஊடகம், சர்வதேச உறவு

நாளிதழைத் திறந்தாலும் தொலைக்காட்சியைப் போட்டாலும் சில சொற்கள் தினமும் நம் காதில் விழுகின்றன. இறையாண்மை, வீட்டோ, பொதுக்கருத்து, சர்வதேசச் சட்டம், நாடாளுமன்ற ஒப்புதல். கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கு இவை பாடப்புத்தகச் சொற்கள். மற்றவர்களுக்கு அர்த்தம் ஏறக்குறையத் தெரிந்தது போல இருக்கும், ஆனால் பிள்ளைகள் "வீட்டோ என்றால் என்ன?" என்று கேட்டால் விளக்க வராது.

இச்சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரே நிகழ்வில் இவை அனைத்தும் எப்படிச் சேர்ந்து இயங்கின என்று பார்ப்பது எளிது. அதற்கு 2003ஆம் ஆண்டின் ஈராக் போரை எடுத்துக்கொள்வோம். அந்தப் போரின் ஆவணங்களும் விசாரணை அறிக்கைகளும் இன்று எல்லோருக்கும் கிடைக்கின்றன. நீண்ட ஜனநாயகப் பாரம்பரியம் உள்ள நாடுகள், பின்னர் பொய்யென்று நிரூபணமான ஒரு காரணத்தைச் சொல்லித் தொடங்கிய போர் அது. தேர்தல் இருந்தது, நாடாளுமன்றம் இருந்தது, சுதந்திரமான பத்திரிகைகள் இருந்தன. அப்படியும் அது எப்படி நடந்தது? இந்தக் கேள்விக்குள்தான் நம் பாடம் இருக்கிறது.

நடந்தது என்ன?

சதாம் ஹுசைனின் ஆட்சி கொடுங்கோலாட்சி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1988இல் ஹலப்ஜா நகரில் குர்து மக்கள் மீது இரசாயன ஆயுதம் வீசிய ஆட்சி அது. 1990இல் குவைத்தை ஆக்கிரமித்தது. அந்தப் போரில் தோற்றபின் ஈராக் தன் பேரழிவு ஆயுதங்களை அழிக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை கட்டளையிட்டது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஈராக்கிடம் இன்னும் அந்த ஆயுதங்கள் இருப்பதாக அமெரிக்க அதிபர் புஷ்ஷும் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரும் கூறினர். 2003 மார்ச் 20 அன்று படையெடுப்பு தொடங்கியது. ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. ஆயுதங்கள் தேடப்பட்டன. அமெரிக்காவே அமைத்த ஆய்வுக் குழு 2004இல் தன் அறிக்கையைத் தந்தது. ஆயுதக் குவியல் எதுவும் இல்லை. இரசாயன ஆயுதங்களை ஈராக் 1991ஆம் ஆண்டளவிலேயே அழித்துவிட்டது என்பது அதன் முடிவு. இதற்கிடையில் தொடங்கிவிட்ட வன்முறை பல ஆண்டுகள் நீடித்தது. ஆவணப்படுத்தப்பட்ட பொதுமக்கள் மரணங்கள் மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டின.

அரசு வேறு, அரசாங்கம் வேறு

அரசியல் அறிவியலின் முதல் பாடம் இது. மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை ஆகிய நான்கும் சேர்ந்ததே அரசு. அரசாங்கம் அதன் ஓர் உறுப்பு மட்டுமே. அரசாங்கம் மாறும், கவிழும், அரசு தொடரும். தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றாலும் மறுநாள் காலையில் காவல் நிலையமும் நீதிமன்றமும் மருத்துவமனையும் வழக்கம்போல் இயங்குவது இதனால்தான்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுப் படிப்பு என்று நினைக்க வேண்டாம். சதாமின் அரசாங்கம் விழுந்த பிறகு, 2003 மே மாதத்தில் அமெரிக்க நிர்வாகம் இரண்டு உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஒன்று, பாத் கட்சியின் உயர்மட்ட உறுப்பினர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கியது. மற்றொன்று, ஈராக் ராணுவத்தையே கலைத்தது. அரசாங்கத்தை அகற்ற வந்தவர்கள் அரசின் உறுப்புகளையும் வெட்டிவிட்டார்கள். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் வேலையின்றித் தெருவுக்கு வந்தனர். அடுத்து வந்த குழப்பத்துக்கு இந்த உத்தரவுகள் முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலரும் குறிப்பிடுகின்றனர்.

இறையாண்மை என்பது ஓர் அரசுக்குத் தன் எல்லைக்குள் தனக்கு மேலான அதிகாரம் எதுவும் இல்லை என்ற நிலை. 1648ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ஏற்பட்ட வெஸ்ட்பாலியா உடன்படிக்கைகளை இதன் தொடக்கமாகப் பாடநூல்கள் காட்டுவது வழக்கம். இந்தியாவும் இலங்கையும் துவாலுவும் அமெரிக்காவும் சட்டத்தின் பார்வையில் சமமான இறையாண்மை கொண்டவை. நடைமுறையில் சமமா என்பது அடுத்த கேள்வி.

சர்வதேச உறவு: மேலே ஒரு அரசாங்கம் இல்லை

நம் வீட்டில் திருட்டுப் போனால் காவல் நிலையம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நம் நிலத்தை ஆக்கிரமித்தால் நீதிமன்றம் இருக்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டை ஆக்கிரமித்தால் எங்கே போவது? நாடுகளுக்கு மேலே உலக அரசாங்கம் என்று ஒன்று இல்லை. சர்வதேச உறவுத் துறையின் அடிப்படை உண்மை இதுதான்.

இந்த நிலையை விளக்க இரண்டு பெரிய சிந்தனை மரபுகள் உள்ளன.

முதலாவது யதார்த்தவாதம். மேலே காவலர் இல்லாததால் ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பையும் நலனையும் தானே பார்த்துக்கொள்ளும். பலம்தான் பேசும் என்பது இதன் கருத்து. இரண்டாவது தாராளவாதம். சட்டம், ஐ.நா. போன்ற அமைப்புகள், வணிகம், ஜனநாயகம் ஆகியவை நாடுகளின் போக்கைக் கட்டுப்படுத்த முடியும் என்று அது நம்புகிறது.

யதார்த்தவாதிகள் என்றால் போர் விரும்பிகள் என்று நினைத்துவிடக் கூடாது. 2002 செப்டம்பரில் அமெரிக்காவின் சர்வதேச உறவுத் துறை அறிஞர்கள் 33 பேர், ஈராக்குடன் போர் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கட்டணம் செலுத்தி விளம்பரம் வெளியிட்டனர். அவர்களில் பலர் யதார்த்தவாத மரபைச் சேர்ந்தவர்கள்.

ஐ.நா. சபையும் வீட்டோவும்

1945இல் கையெழுத்தான ஐ.நா. சாசனம், ஒரு நாடு மற்றொரு நாட்டின் மீது பலத்தைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. விதிவிலக்குகள் இரண்டு. ஒன்று, தாக்கப்பட்ட நாடு தன்னைத் தற்காத்துக்கொள்வது. மற்றொன்று, பாதுகாப்புச் சபை அனுமதி கொடுப்பது.

பாதுகாப்புச் சபையில் 15 உறுப்பு நாடுகள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய ஐந்தும் நிரந்தர உறுப்பினர்கள். மீதி பத்து நாடுகள் இரண்டு ஆண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவை. ஒரு முக்கியத் தீர்மானம் நிறைவேற 9 வாக்குகள் தேவை. நிரந்தர உறுப்பினர் எவரும் எதிர்த்து வாக்களித்திருக்கக் கூடாது. அந்த ஐவரில் ஒருவரின் எதிர்வாக்கு மற்ற 14 நாடுகளின் ஆதரவையும் பயனற்றதாக்கிவிடும். இதுவே வீட்டோ எனும் தடுப்பதிகாரம்.

ஈராக் விவகாரத்தில் 2002 நவம்பர் 8 அன்று பாதுகாப்புச் சபை 1441ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. ஈராக்குக்கு இது இறுதி வாய்ப்பு என்றும், மீறினால் கடும் விளைவுகள் வரும் என்றும் அது எச்சரித்தது. போருக்கு வெளிப்படையான அனுமதி அதில் இல்லை. எனவே இரண்டாவது தீர்மானம் ஒன்றை அமெரிக்காவும் பிரிட்டனும் ஸ்பெயினும் கொண்டுவர முயன்றன. தேவையான ஆதரவு திரளவில்லை. வீட்டோவைப் பயன்படுத்துவதாக பிரான்சும் அறிவித்தது. 2003 மார்ச் 17 அன்று அந்த முயற்சி கைவிடப்பட்டது. மூன்றே நாளில் போர் தொடங்கியது.

சாசனத்தின் பார்வையில் இந்தப் போர் சட்டவிரோதமானது என்று அன்றைய ஐ.நா. பொதுச்செயலர் கோபி அன்னான் 2004இல் கூறினார். ஆனால் அமெரிக்கா மீது நடவடிக்கை எடுக்கும் தீர்மானம் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் அமெரிக்காவின் வீட்டோ அதைத் தடுத்திருக்கும். பாலஸ்தீன விவகாரத்தில் தீர்மானங்கள் மீண்டும் மீண்டும் முடங்குவதைப் பார்த்து நாம் வேதனைப்படும்போது, அந்த முடக்கம் அமைப்பின் கட்டுமானத்திலேயே 1945இல் வைக்கப்பட்டது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் சர்வதேசச் சட்டம் வீண்தானா? அப்படிச் சொல்ல முடியாது. அனுமதி கிடைக்காததால்தான் பல நாடுகள் இந்தப் போரில் சேர மறுத்தன. சட்டத்தால் வல்லரசின் கையைப் பிடித்து நிறுத்த முடியாமல் போகலாம். மற்றவர்கள் உடன் செல்லாமல் இருப்பதற்கு அது உறுதியான காரணத்தைத் தருகிறது.

ஜனநாயகம்: வாக்குப்பெட்டிக்கு அப்பால்

கிரேக்க மொழியில் மக்கள், ஆட்சி என்று பொருள்படும் இரு சொற்களிலிருந்து வந்தது "டெமாக்ரசி" என்ற சொல். தேர்தல் அதன் ஒரு பகுதி. சட்டம் இயற்றும் அவை, ஆட்சி நடத்தும் நிர்வாகம், நீதித்துறை ஆகிய மூன்றையும் பிரித்துவைத்து, ஒன்றை ஒன்று கண்காணிக்கச் செய்வது அதன் மறுபகுதி. இதை அதிகாரப் பிரிவினை என்கிறோம்.

ஜனநாயக நாடுகள் தங்களுக்குள் போரிடுவது மிக அரிது என்றொரு கோட்பாடு உண்டு. ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் 1795இல் எழுதிய நூலில் இதன் வேர் இருக்கிறது. போரின் சுமையைச் சுமக்கப் போகும் மக்களிடம் சம்மதம் கேட்டால் அவர்கள் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள் என்பது அதன் தர்க்கம். ஜனநாயகம் அல்லாத நாட்டின் மீது ஜனநாயக நாடு போர் தொடுக்காது என்று இக்கோட்பாடு சொல்லவில்லை. மக்களுக்குத் தரப்படும் தகவல் தவறாக இருந்தால் சம்மதமும் தவறாகத்தானே அமையும்? இனி நான்கு நாடுகளின் அவைகளில் நடந்ததைப் பார்ப்போம்.

அமெரிக்கா: போரை அறிவிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு அரசமைப்பு அதிபரிடம் தரவில்லை, காங்கிரசிடம் தந்திருக்கிறது. 2002 அக்டோபரில் பிரதிநிதிகள் சபை 296க்கு 133 என்ற கணக்கிலும் செனட் 77க்கு 23 என்ற கணக்கிலும் அதிபருக்கு அனுமதி வழங்கின. உளவுத்துறையின் முழு மதிப்பீட்டில், அணு ஆயுதம் பற்றிய முடிவை வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவே ஏற்கவில்லை என்ற குறிப்பு இருந்தது. அந்த முழு அறிக்கையை மிகச் சில உறுப்பினர்களே படித்தனர் என்பது பின்னர் வெளிவந்தது. கண்காணிக்கும் அதிகாரம் இருந்தும் அது பயன்படுத்தப்படவில்லை.

பிரிட்டன்: 2003 பிப்ரவரி 15 அன்று லண்டனில் போருக்கு எதிராகத் திரண்டவர்கள் குறைந்தது ஏழரை லட்சம் பேர் என்று காவல்துறையே மதிப்பிட்டது. ஆயினும் மார்ச் 18 அன்று மக்களவையில் அரசின் தீர்மானம் 412க்கு 149 என்று வென்றது. ஆளும் தொழிற்கட்சியிலேயே 139 பேர் அரசுக்கு எதிராக நின்றனர். ஆனால் பிரதான எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சி போரை ஆதரித்தது. கேள்வி கேட்க வேண்டிய எதிர்க்கட்சி கேட்காதபோது அவையின் பலம் பாதியாகிவிடுகிறது.

துருக்கி: தன் மண் வழியாக ஈராக்கின் வடபகுதிக்குள் நுழைய அமெரிக்கப் படை விரும்பியது. ஆளுங்கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்தது. அரசே அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தது. 2003 மார்ச் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 264, எதிர்ப்பு 250, வாக்களிக்காமல் நடுநிலை வகித்தோர் 19. வந்திருந்த 533 பேரில் பாதிக்கு மேல், அதாவது 267 வாக்குகள் தேவை. மூன்று வாக்குகள் குறைந்ததால் தீர்மானம் தோற்றது. துருக்கி பின்னர் தன் வான்வழியைத் திறந்துவிட்டாலும், வடக்கிலிருந்து பெரும் தரைப்படையை அனுப்பும் திட்டம் நடக்கவில்லை.

இந்தியா: 2003 ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் போரைக் கண்டிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. போருக்குப் பின் ஈராக்குக்கு இந்தியப் படைகளை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டது. ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாததால் படை அனுப்ப இயலாது என்று வாஜ்பாய் அரசு ஜூலை 14 அன்று அறிவித்தது. சர்வதேசச் சட்டமும் உள்நாட்டுப் பொதுக்கருத்தும் சேர்ந்து வேலை செய்ததற்கு இது எடுத்துக்காட்டு.

நான்கிலும் தேர்தலும் அவையும் இருந்தன. அந்த அவைகள் தங்களுக்குரிய அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தின என்பதில்தான் வேறுபாடு.

ஊடகம்: நான்காவது தூண் எப்போது சாயும்?

சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை ஆகியவற்றுக்கு அடுத்து ஊடகத்தை ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்கிறோம். இந்தப் பெயர் நம் அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. பத்திரிகைச் சுதந்திரம் என்ற தனிப் பிரிவும் இல்லை. 19ஆம் பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தரும் கருத்துரிமைக்குள்தான் பத்திரிகைச் சுதந்திரமும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அதாவது, செய்தியாளரின் உரிமையும் நம் உரிமையும் ஒன்றே.

ஊடகம் பொய் சொன்னால்தான் ஆபத்து என்றில்லை. ஊடகவியலில் சொல்லப்படும் மூன்று கருத்துகளை அறிந்துகொள்வது பயன் தரும்.

1. எதைப் பேசுவது என்று தீர்மானிப்பது. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலை வைத்து மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு நடத்தி 1972இல் வெளியிட்டனர். ஊடகங்கள் எந்த விஷயங்களுக்கு அதிக இடம் கொடுத்தனவோ, அவற்றையே வாக்காளர்களும் முக்கியமானவை என்று கருதினர். ஈராக் விஷயத்தில் "போர் தேவையா?" என்ற கேள்வி மெல்லப் பின்னுக்குப் போய் "போர் எப்போது?" என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

2. சட்டகம் போடுவது. சுவரில் மாட்டிய படத்தின் சட்டத்துக்குள் இருப்பதுதான் நம் கண்ணுக்குத் தெரியும். பாக்தாத் வீழ்ந்த நாளில் பிர்தவ்ஸ் சதுக்கத்தில் சதாமின் சிலை சாய்க்கப்பட்ட காட்சி உலகெங்கும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. நெருக்கக் காட்சியில் அது பெரும் மக்கள் எழுச்சி போலத் தெரிந்தது. தொலைவிலிருந்து எடுத்த படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி வெறிச்சோடியிருந்தது. சிலையை இழுத்துச் சாய்த்தது அமெரிக்க ராணுவ வாகனம்.

3. செய்தியின் மூலம் யார் என்பது. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக்கிடம் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் இருப்பதாகப் பாதுகாப்புச் சபையில் கூறினார். அதன் முக்கிய ஆதாரம், "கர்வ்பால்" என்ற மறைபெயர் கொண்ட, ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த ஓர் ஈராக்கியர். தான் சொன்னது பொய் என்று அவரே 2011இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழிடம் ஒப்புக்கொண்டார்.

ஆயுதம் பற்றிய தன் செய்திகள் பலவற்றில் போதிய கண்டிப்பு இல்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26 அன்று வாசகர்களிடம் ஒப்புக்கொண்டது. ஆட்சியாளர்களும், சதாமை அகற்ற விரும்பிய நாடுகடந்த ஈராக்கியர்களும் சொன்னதை அது அதிகம் நம்பிவிட்டிருந்தது. அதே காலத்தில் நைட் ரிட்டர் என்ற செய்தி நிறுவனத்தின் நிருபர்கள், உயர் பதவியில் இருப்பவர்களோடு நில்லாமல் கீழ்மட்ட அதிகாரிகளிடமும் விசாரித்து, ஆதாரங்கள் பலவீனமானவை என்று எழுதிக்கொண்டிருந்தனர். அவர்களுடைய செய்திகளுக்கு அன்று உரிய கவனம் கிடைக்கவில்லை.

இதன் விளைவு என்ன? செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கருத்துக்கணிப்பில் 69 சதவீத அமெரிக்கர்கள் கருதினர். அப்படி ஓர் ஆதாரம் இல்லை என்று அடுத்த மாதம் அதிபர் புஷ்ஷே சொன்னார். இரண்டு பெயர்களை அடுத்தடுத்து உச்சரித்துக்கொண்டே இருந்தால் போதும், கேட்பவர் மனம் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

மாற்றுக் குரலுக்கும் விலை இருந்தது. 2003 ஏப்ரல் 8 அன்று பாக்தாத்தில் அல் ஜஸீரா அலுவலகம் அமெரிக்கத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் நிருபர் தாரிக் அய்யூப் கொல்லப்பட்டார். அதே நாளில் செய்தியாளர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டலும் அமெரிக்க பீரங்கிக் குண்டுக்கு இலக்காகி மேலும் இருவர் இறந்தனர்.

பிறகு கணக்குக் கேட்டது யார்?

தவறு செய்வதில் ஜனநாயகமும் சர்வாதிகாரமும் ஒன்றாகத் தோன்றலாம். தவறுக்குப் பிறகு நடப்பதில் வேறுபாடு தெரியும். இதைப் பொறுப்புக்கூறல் என்கிறோம். பிரிட்டன் 2009இல் அமைத்த சில்காட் விசாரணைக் குழு, 2016 ஜூலையில் 12 தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டது. அமைதி வழிகள் முழுவதும் முயன்று பார்க்கப்படும் முன்பே போருக்குச் சென்றார்கள் என்றும், இல்லாத உறுதியோடு உளவுத் தகவல்கள் மக்கள்முன் வைக்கப்பட்டன என்றும் அது கூறியது. இந்த அனுபவம் பிரிட்டிஷ் அரசியலில் தங்கியது. 2013 ஆகஸ்டில் சிரியா மீது ராணுவ நடவடிக்கைக்கு அரசு அனுமதி கேட்டபோது, மக்களவை 285க்கு 272 என்று மறுத்தது.

ஆயினும் இந்தப் பொறுப்புக்கூறலில் ஒரு பெரும் குறை உண்டு. பிரிட்டன் மக்கள் தம் அரசிடம் கணக்குக் கேட்டனர். அமெரிக்க மக்கள் தம் அரசிடம் கேட்டனர். உயிரும் வீடும் இழந்த ஈராக் மக்கள் இந்த இரு நாடுகளிலும் வாக்காளர்கள் இல்லை. போரைத் தொடங்கியவர்களிடம் அவர்கள் கணக்குக் கேட்க எந்தச் சபையும் இல்லை. மேலே அரசாங்கம் இல்லை என்ற பாடம் அவர்களுக்கு ஒரு கோட்பாடாக இல்லை, வாழ்க்கையாக இருந்தது. அதனால்தான் வல்லரசு நாட்டின் ஒரு வாக்காளரும் ஒரு நிருபரும் சுமக்கும் பொறுப்பு அவர்களின் எல்லையோடு முடிவதில்லை.

வீட்டில் பழக வேண்டிய ஐந்து கேள்விகள்

இன்று செய்தி நம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. நாமும் அதைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த அளவில் நாமும் ஒரு சிறு ஊடகமே. போர், கலவரம், தேர்தல் என எந்தச் செய்தி வந்தாலும் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. இதைச் சொல்பவர் யார்? அவருக்கு அது நேரடியாகத் தெரியுமா, கேள்விப்பட்டதா?
2. இது நம்பப்பட்டால் யாருக்கு லாபம்?
3. படத்தின் சட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது?
4. இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு? அதைக் கேள்வி கேட்கும் அமைப்பு எது? அது கேட்டதா?
5. பாதிக்கப்படுபவரின் குரல் இந்தச் செய்தியில் இருக்கிறதா?

நமக்குப் பிடித்த தரப்பு சொல்லும் செய்தியிலும் இதே ஐந்தையும் கேட்க வேண்டும். எதிர்த்தரப்புச் செய்தியை மட்டும் சோதிப்பது சோதனை ஆகாது. 2003இல் அமெரிக்கப் பொதுமக்களில் பலர் தமக்கு நம்பப் பிடித்ததை நம்பினார்கள். அதற்கான விலையை வேறொரு நாட்டு மக்கள் கொடுத்தார்கள்.